மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: புதிய ரூட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் கீழ்த்தளமும் மாடியுமாக உள்ள சொந்த வீட்டில் வசிக்கிறோம். 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன வைஃபை பெட்டி முன் ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறது. மாடியில் பின்பக்க அறையில் என் மகன் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறான். அவனுக்கு வீடியோ அழைப்பு அடிக்கடி பாதியில் உறைந்துவிடுகிறது. பெயருக்குப் பின்னால் 5ஜி என்று காட்டும் வைஃபை அந்த அறையில் தெரிவதே இல்லை. கடையில் கேட்டால், ஆறு ஆன்டெனா உள்ள ரூட்டரை ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், பழுது பெட்டியில் இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டி இருக்கும் இடத்தில்தான் சிக்கல். கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் தளம் ஒன்றும், குறைந்தது இரண்டு செங்கல் சுவர்களும் அந்த ஜன்னலோரத்துக்கும் உங்கள் மகனின் மேசைக்கும் இடையில் நிற்கின்றன. அதே ஜன்னலோரத்தில் ஆறு ஆன்டெனா பெட்டியை வைத்தாலும் அதே தளத்தையும் அதே சுவர்களையும்தான் அது கடந்தாக வேண்டும். வைஃபை கருவி எவ்வளவு சக்தியுடன் அலைபரப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. ஆகவே விலை கூடக் கூட அலையின் எட்டும் தூரமும் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியே ரூட்டரின் குரல் மாடிவரை கேட்டாலும், மடிக்கணினியும் கைப்பேசியும் திருப்பிப் பேச வேண்டும். அவற்றின் அலைபரப்பும் திறன் ரூட்டரைவிடக் குறைவு. வைஃபை குறி முழுதாகத் தெரிந்தும் பேச்சு மட்டும் தடைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் குறை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு லேன் கேபிளால் மடிக்கணினியை நேரடியாகப் பெட்டியில் செருகி, வேகம் காட்டும் ஏதேனும் ஒரு தளத்தில் சோதித்துப் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். கேபிளில் செருகியும் 30, 40 என்றுதான் வருகிறது என்றால், வைஃபையைக் குறை சொல்வதில் பயனில்லை. இணைப்புக் கொடுத்தவரைத்தான் அழைக்க வேண்டும். பெட்டியில் ‘லாஸ்’ (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படியே. பைபருக்குள் ஒளி வரவில்லை என்பதன் அடையாளம் அது. கேபிளில் வேகம் சரியாக இருந்தால், அடுத்தபடியாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு பெட்டிக்கு அருகில் ஒரு முறையும், மகனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு முறையும் சோதியுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வைஃபை சிக்னலை எண்ணாகவே காட்டும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. அதில் மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 75ஐத் தாண்டினால் அழைப்பு உறைவதில் வியப்பில்லை.

அந்த ‘5ஜி’ கைப்பேசி நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் 5ஜி அன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் மோதிக்கொள்கின்றன. வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும், விஐடி பல்கலைக்கழகத்தின் பக்கம் மாணவர்கள் தங்கும் தெருக்களிலும் கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தாலே இந்த நெரிசல் புரிந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் காங்கிரீட் தளத்தைத் தாண்டும்போது பெரிதும் வலுவிழந்துவிடும். உங்கள் மகனின் அறையில் அது தெரியாமல் போவது இயல்பே.

செலவில்லாத வழி, பெட்டியை இடம் மாற்றுவது. ஜன்னலோரத்தில் இருக்கும் பெட்டி, தன் அலையில் ஒரு பங்கைத் தெருவுக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறது. மாடிப்படிக்கு அருகில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை மேலே ஏறும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், தொலைக்காட்சிக்குப் பின்னாலும், மூடிய மர அலமாரிக்குள்ளும் வைக்கக் கூடாது. ஆனால் பைபர் கம்பியை நீங்களே இழுத்து இடம் மாற்ற வேண்டாம். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை என்பதால், மூலையில் மடக்கி ஆணி அடித்தால் ஒளி கசிந்துவிடும், அல்லது இழையே முறிந்துவிடும். இணைப்புக் கொடுத்தவரின் ஆளை வரவழைத்து, ஒரு கை அகலத்துக்குக் குறையாத வளைவு விட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். இப்படிச் செய்ததுமே கீழ்த்தளம் முழுவதும் சரியாகிவிடும். மாடியின் முன்பக்கமும் தேறும். பின்பக்க அறைக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அந்த அறைக்கு நிலையான தீர்வு ஒன்றுதான். கீழேயுள்ள பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைப்பது. கேபிள் என்றதும் சுவரை உடைக்க வேண்டுமோ என்று பலரும் பின்வாங்குகிறார்கள். 20, 25 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கேபிள் டிவிக்கென்று ஒரு பைப் சுவருக்குள் பதித்திருப்பார்கள். இப்போது அதற்குள் பயன்படாத பழைய கேபிள் டிவி ஒயர் கிடக்கும். அந்த ஒயரின் ஒரு முனையில் புதிய லேன் கேபிளின் நுனியை, பிளக் மாட்டுவதற்கு முன்பே, சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாக, கூம்பு போலச் சுற்றி, மறுமுனையிலிருந்து ஒருவர் மெல்ல இழுக்க, இந்தப் பக்கத்தில் இன்னொருவர் தள்ளிக் கொடுத்தால், பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போய்விடும். வளைவில் சிக்கினால் சிறிது முகப்பவுடரைப் பைப்பின் வாயில் தூவி இழுக்கலாம். உங்கள் வீட்டில் ஹாலிலிருந்து மொட்டை மாடிக்கு ஒரு பைப்பும், அங்கிருந்து பின்பக்க அறைக்கு இன்னொரு பைப்பும் இருக்க வாய்ப்பு உண்டு. சுவரில் வட்டமான டிவி சாக்கெட் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மின்சார ஒயர் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. அது சிக்னலைக் கெடுப்பது ஒருபுறமிருக்க, உயிருக்கே ஆபத்து.

கேபிள் வாங்கும்போது ‘கேட் 6’ என்று கேளுங்கள். உறையின் மேல் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம். அது அலுமினியக் கம்பியின் மேல் செம்பைப் பூசியது. எளிதில் முறியும், பிளக் பிடிமானமும் நிலைக்காது. முழுச் செம்புக் கம்பி மீட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்தான். 100 மீட்டர் வரை லேன் கேபிள் சிக்கலின்றி வேலை செய்யும் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பொருட்டே இல்லை. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு பிவிசி பைப் போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் சாதாரண உறை நாளடைவில் வெடித்துவிடும்.

மேலே வைக்கும் ரூட்டருக்கு ஏழாயிரம் தேவையே இல்லை. இரண்டு அலைவரிசையும் உள்ள, வைஃபை 6 வகையைச் சேர்ந்த, கேபிள் செருகும் துளைகள் அனைத்தும் ‘ஜிகாபிட்’ (அதாவது 1000 எம்பிபிஎஸ்) ஆக இருக்கும் ஒரு சாதாரண ரூட்டர் போதும். ‘ஜிகாபிட்’ என்பதை ரூட்டர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் தேடிப் பார்த்து வாங்குங்கள். மலிவான ரூட்டர்களில் வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, துளைகளை மட்டும் 100 எம்பிபிஎஸ் வகையாக வைத்திருப்பார்கள். இன்றைக்கு உங்கள் திட்டத்துக்கு அது ஏறக்குறையப் போதும். நாளை 200க்கு மாறினால் 95க்கு மேல் ஏறாது. ‘ஏசி1200’, ‘ஏஎக்ஸ்1500’ போன்ற எண்கள் இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஏசி1200 என்றால் 300உம் 867உம் சேர்ந்தது. சாதாரணமாக ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டிலும் சேர்த்துப் பெறுவதில்லை, உச்ச வேகமும் நடைமுறையில் வருவதில்லை. ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதைவிட, எத்தனை ஆண்டு உத்தரவாதம், வேலூரிலோ காட்பாடியிலோ மாற்றித் தர ஆள் உண்டா என்று கேட்பது பயன் தரும். அடுத்த தலைமுறையான வைஃபை 7 உங்கள் தேவைக்கு அதிகம்.

கீழே உள்ள பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய ரூட்டரில் பைபரைச் செருகலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. பைபரின் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அந்தப் பெட்டிதான். அதன் எண்ணும் இணைப்புக் கொடுத்தவரிடம் பதிவாகியிருக்கிறது. வீட்டுத் தொலைபேசியும் அதிலேயே செருகியிருந்தால் அது இல்லாமல் பேசவும் முடியாது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அமைக்கும் முறை கடினமானதன்று. புதிய ரூட்டரை முதலில் மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) பிரவுசரில் தட்டி உள்ளே சென்று, ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (கீழ்ப் பெட்டியின் கிளையாக மட்டும் இயங்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு பெட்டிகளும் தனித்தனி ரூட்டராக வேலை செய்யத் தொடங்கும். மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் தெரியாது, சில அலுவலக மென்பொருள்களும் முரண்டு பிடிக்கும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதைப் போலவே எழுத்து மாறாமல் இருக்கட்டும்; அப்போது படியேறும்போது கைப்பேசி தானாகவே மேல் ரூட்டருக்கு மாறிக்கொள்ளும். ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட தடங்களாகப் பிரிந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11 என்று வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் இந்த மூன்றும்தான். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149 என்று பிரித்துவிடலாம்.

பாதுகாப்பு வகையாக ‘டபிள்யூபிஏ2’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ இருக்க வேண்டும். பழைய கைப்பேசி ஏதேனும் இணைய மறுத்தால் இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பாஸ்வேர்டு தட்டாமலே கருவிகளை இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எண் பூட்டை உடைக்க முடியும் என்பது 2011லேயே வெளிவந்த செய்தி. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைப் பலர் மாற்றுவதே இல்லை. வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தால் குடித்தனக்காரருக்கு ‘கெஸ்ட்’ வைஃபை (வெளியாருக்கான தனி வைஃபை) கொடுங்கள். ஆனால் சில ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோடில் கெஸ்ட் வைஃபை தனியாகப் பிரியாது என்பதால், அதைக் கீழ்ப் பெட்டியில் அமைப்பதே நல்லது.

கேபிள் இழுக்க வழியே இல்லை என்று உறுதியானால் மட்டும் கேபிள் இல்லாமலே ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வகை இரட்டைப் பெட்டியை யோசியுங்கள். அதன் இரண்டாவது பெட்டியை மகனின் அறையில் வைப்பது தவறு. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் மாடிப்படி முகப்பில் வைக்க வேண்டும். பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், வீடியோ அழைப்புக்கு அது சரிப்படாது.

கடைசியாக, வெயிலும் மின்சாரமும். பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அவற்றின் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊரில் வெளியிலேயே அதைத் தாண்டிவிடும். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணில் கேட்கவே வேண்டாம். ஆகவே மேல் ரூட்டரைப் பரணில் ஏற்றாமல், சுவரில் காற்றோட்டமாக மாட்டுங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தால், இரண்டு பெட்டிகளும் செருகியிருக்கும் பிளக்குகள் இன்வெர்ட்டர் லைனில் வருகின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் இரண்டு வாங்க வேண்டியிருக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று. வாங்குமுன் இரண்டு அடாப்டர்களிலும் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரிவதுபோல் எரிந்து, அடிக்கடி தானாக அணைந்து மீளும். ஆம்பியர் அடாப்டரில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.