மாலை நேர வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஓடியாட வைப்பது எப்படி?

பள்ளி முடிந்து உங்கள் மாலை நேர மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இப்படியொரு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நான் பார்த்தவரை, பிள்ளைகளிடம் ஆர்வம் குறைவதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் ஆட்டம்தான் பெரும்பாலும் அவர்களை உட்கார வைக்கிறது.

கொக்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் வரிசையில் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டுமே ஓடுவார்; எதிரணியிலிருந்தும் ஒரு நேரத்தில் மூவர்தான் களமிறங்குவார்கள். அருமையான ஆட்டம்தான், ஆனால் அரைமணி நேரமே கையில் இருக்கும்போது பதினெட்டுப் பேரில் நால்வர் மட்டும் ஓடுவது கட்டுப்படியாகாது. அவுட் ஆனவர் வெளியே போகும் ஆட்டங்களிலோ, முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் பிள்ளை, அதாவது ஓட்டம் மிகவும் தேவைப்படும் பிள்ளை.

ஆகவே யாரும் வெளியேறாத ஆட்டங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். லாக் அண்ட் கீயில் தொடப்பட்டவர் அசையாமல் நிற்பார், கூட்டாளி வந்து தொட்டதும் மறுபடி ஓடுவார். இருபது பேருக்குத் துரத்துபவர் ஒருவர் போதாது, மூவரை விடுங்கள். நொண்டியில், பிடிபட்டவர்களும் நொண்டியடித்தே துரத்தலாம் என்று நாங்கள் விதியை மாற்றியதும், ஆட்டம் முடியும் வேளையில் களம் முழுக்க ஒற்றைக்காலில் துள்ளத் தொடங்கிவிட்டது. 5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும், வாரத்தில் குறைந்தது 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் அசைவுகள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அந்த இரண்டாவது தேவைக்கு நொண்டியும் கயிறு தாண்டுதலும் நன்றாகவே உதவும்.

விளையாட்டைப் படிப்புக்கு முன்னால் வையுங்கள். வந்ததும் கொஞ்சம் சுண்டல், தண்ணீர், உடனே ஆட்டம். வீட்டுப்பாடம் முடித்தால்தான் விளையாட்டு என்றால், மெதுவாக எழுதும் பிள்ளைக்கு அது கிடைக்கவே கிடைக்காது. போதாததற்கு டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். சேட்டை செய்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஓட்டத்தைத் தண்டனையாக அறிந்த பிள்ளை விரும்பி ஓடுவதில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவை. பந்து ஒன்றே இருந்தால் அது பையன்களிடம் போய்விடும், ஆகவே இன்னொரு பந்து வாங்குவதுதான் முதல் வேலை. தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்காத ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கி, எந்த ஆட்டம் என்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். எங்கள் மையத்தில் தன்னார்வலரான அக்கா ஒருவர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு த்ரோபால் ஆட இறங்கிய பிறகுதான் ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.