ஈயம் சுற்றியும் ஏன் மூழ்கவில்லை?

கேள்வி: வேகமாக ஓடும் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க, நீர்ப்பூச்சியின் இளம் புழுவைப் போலத் தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கை இரையான நிம்ஃப்களை நானே கட்டுகிறேன். தூண்டில் முள்ளில் ஈயக் கம்பியை இரண்டு அடுக்கு சுற்றி, மேலே முயல் ரோமத்தைத் தாராளமாக ஏற்றுகிறேன். அப்படியும் அது அடிக்குப் போகாமல் நடுத்தண்ணீரிலேயே அடித்துக்கொண்டு போகிறது. இன்னும் ஈயம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நிம்ஃபில் எடை போதும், உடல்தான் தடித்துவிட்டது. வேக ஓட்டத்தில் அது அடியைத் தொடச் சில விநாடிகள்தான் கிடைக்கும், அதற்குள் அந்த ரோமமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கவிடாமல் செய்கிறது, நீங்கள் இன்னொரு அடுக்கு ஈயம் ஏற்றினால் உடல் இன்னும் பெருக்கும், பழைய கதைதான்.

எடையை உடலிலிருந்து எடுத்துத் தலைக்குக் கொண்டுபோங்கள். டங்ஸ்டன் மணி அதற்குத்தான். ஒரு கன சென்டிமீட்டர் டங்ஸ்டன் 19 கிராமுக்கு மேல் இருக்கும், ஈயம் 11.3, பித்தளை சுமார் 8.5. அதாவது ஒரே அளவுள்ள பித்தளை மணியைவிட டங்ஸ்டன் மணி இரண்டு மடங்குக்கும் அதிக கனம். 14-ஆம் எண் முள்ளுக்கு 2.8 மில்லிமீட்டர் மணி நன்றாகப் பொருந்தும், அதைவிடப் பெரிய 12-க்கு 3.3 போடலாம். உடலை வெறும் நூலாலேயே மெலிதாக, வால் பக்கம் ஒடுங்கி மணிப் பக்கம் லேசாகப் பருக்கும்படி சுற்றி, மேலே யுவி ரெசின் (புற ஊதா விளக்கொளியில் இறுகும் பசை) பூசி வழவழப்பாக்குங்கள். ஸ்பெயின்காரர்களின் பெர்டிகோன் இந்த வகைதான், கல் விழுவது போல இறங்கும். ரோமம் இல்லாவிட்டால் மீன் கடிக்குமா என்று கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் தன் ஃபெசன்ட் டெயில் (ஃபெசன்ட் பறவையின் வால்) நிம்ஃபைக் கட்ட நூலே எடுக்கவில்லை. மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இறகும் மட்டும்தான். கம்பியே நூல், கம்பியே எடை! எனக்கு இன்றைக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆசையாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று, நிம்ஃபைக் கட்டும் நுனி நரம்பையும் பாருங்கள். மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் ஓடும், தடித்த நரம்பை மேல்தண்ணீர் இழுத்தால் இறங்கிய நிம்ஃபும் மேலே வந்துவிடும். 0.13 அல்லது 0.15 மில்லிமீட்டர் போதும். நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி, தண்ணீரின் மேல் கிடக்கும் நரம்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

கேள்வி: மணி முள்ளில் சுழன்றுகொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: முதலில் முள்ளின் கூர்முனைக்குப் பின்னால் இருக்கும் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டு, மணியின் சிறிய துளை முள்ளின் கண்ணை, அதாவது நரம்பு கட்டும் வளையத்தைப் பார்த்து இருக்கும்படி கோருங்கள். பிறகு மெல்லிய ஈயக் கம்பியை ஒரே அடுக்காக ஆறேழு சுற்று சுற்றி, மணியின் பின்பக்கப் பெரிய துளைக்குள் தள்ளி, அது பின்னால் நகராதபடி நூலால் அணை கட்டுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ, அவ்வளவுதான். ஈயத்தைத் தொட்ட கையை உடனே கழுவுங்கள். ஈயம் தடை செய்யப்பட்ட நீர்நிலைகளும் உண்டு, அங்கே ஈயமில்லாத கம்பிதான்.

கேள்வி: பாறை இடுக்கில் நிறைய நிம்ஃப்களை இழக்கிறேன்.

பதில்: கண் பக்கம் வளைந்த ஜிக் முள்ளுக்கு மாறுங்கள். பிளவுள்ள டங்ஸ்டன் மணியை அதில் ஏற்றினால் கூர்முனை மேல்நோக்கித் திரும்பிப் போகும், கல்லில் மாட்டுவது நன்றாகக் குறையும். அடியைத் தொட்டு மீன் பிடிக்கும்போது சிலவற்றை இழக்கத்தான் வேண்டியிருக்கும், அதனால் ஒவ்வொரு எடையிலும் ஐந்தாறு கட்டி வையுங்கள், எது எந்த எடை என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிற நூல் போடுங்கள்.