காம்பின் திருகலையும் வரையுங்கள்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏழு ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் ஆர்க்கிட் மலர்களை மட்டுமே வரைந்து வருகிறேன். நாற்பது படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. வரும் ஜனவரியில் ஒரு கண்காட்சி வைக்க ஆசை. ஓர் ஓவியக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். "இவை பாடப்புத்தகப் படங்கள், கலை அல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாவரவியல் பேராசிரியை ஒருவரோ, "அழகாக இருக்கிறது, ஆனால் வாண்டா படத்தில் தவறு இருக்கிறது" என்றார். என்ன தவறு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்குக் கொடுத்த படம் மூன்றே ஆண்டுகளில் வெளிறிவிட்டது. ஏற்காட்டில் ஒருவர் காட்டு ஆர்க்கிட்டுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் செய்வது கலையா, இல்லையா? மூன்று படங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்று படங்களையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கண்காட்சி வையுங்கள். ஆனால் வரும் ஜனவரியில் வேண்டாம், அதற்கடுத்த ஜனவரியில் வையுங்கள். ஏன் ஓராண்டு தள்ளிப்போடச் சொல்கிறேன் என்பதற்கு, வாண்டா என்ற ஆர்க்கிட் வகையை நீங்கள் வரைந்த அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது.

பேராசிரியை சொன்ன தவறு எது என்று எனக்குத் தெரிகிறது. பூவுக்குப் பின்னால் காம்பு போல நீண்டிருக்கிறதே, அதை நீங்கள் வழுவழுப்பான பச்சைக் குழாயாகத் தீட்டியிருக்கிறீர்கள். அது வெறும் காம்பு அல்ல. பூவின் சூலகமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆர்க்கிட் மொட்டு உருவாகும்போது, உதடு என்று நாம் சொல்லும் அந்த வேறுபட்ட இதழ் மேல்பக்கம் இருக்கும். மொட்டு முதிர முதிர அந்தக் காம்பு தன்னைத்தானே திருகிக்கொண்டு ஏறத்தாழ அரைச்சுற்றுத் திரும்புகிறது. அப்போதுதான் உதடு கீழே வந்து, பூச்சி இறங்குவதற்கான மேடையாகிறது. பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் இப்படித்தான். வாண்டாவின் காம்பில் நீளவாட்டில் ஓடும் வரம்புகள் உண்டு. அவை கயிற்றின் புரிகளைப் போலச் சாய்ந்து செல்வதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் படத்தில் உதடு சரியான இடத்தில் இருக்கிறது, அது அங்கே வந்து சேர்ந்த வழி இல்லை. பேராசிரியையின் கண் அங்கேதான் தடுக்கியிருக்கும். அவரிடம் மீண்டும் போய், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு படத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக் குறை சொல்கிறவர் கிடைப்பது அரிது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை நீங்கள் செடியைப் பார்த்து வரையவில்லை, கைப்பேசிப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். பூவின் நடுவிலுள்ள தூண், அதாவது மகரந்தத் திரளும் சூல்முடியும் சேர்ந்திருக்கும் அந்தச் சின்ன உறுப்பு, ஓர் ஊதாத் தீற்றலாக நின்றுவிட்டது. புகைப்படத்தில் அது அப்படித்தான் மங்கியிருக்கும். உதட்டின் நிறமும் நீலத்தை நோக்கிப் போய்விட்டது. ஊதாவையும் கத்தரிப்பூ நிறத்தையும் கேமரா நம்பகமாகப் பிடிப்பதில்லை. புகைப்படத்தை நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கும் உறுப்புகளுக்கும் அதை நம்பாதீர்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்து மாமரங்களிலேயே தொற்றி வளரும் வாண்டா அது. கோடையில்தான் பூக்கும். அதனால்தான் ஜனவரி வேண்டாம் என்கிறேன். வரும் கோடையில் அந்த மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பூவை மட்டும் பார்க்காதீர்கள். இலையின் நுனியை யாரோ கடித்தெடுத்தது போல ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். பூச்சி அரித்தது என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள், அதன் இயல்பே அது. வேரைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறம். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணெதிரே உள்ளிருந்து பச்சை எழும்பி வரும். நீர்வண்ணத்துக்கென்றே படைக்கப்பட்ட காட்சி அது. முதலில் மெல்லிய பச்சைப் பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே சாம்பல் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் வண்ணத்தில் இது இத்தனை எளிதில் வராது.

இப்போது, கலையா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஓவியக்கூடத்தார் சொன்னது உங்களை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு இரண்டு பேரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்: ருங்கையா, கோவிந்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டுக்காக, சென்னை மாகாணத்தில் செடிகளை வரைந்தவர்கள். முதலில் ருங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளிவந்த வைட்டின் 'ஐகோனஸ்' தொகுதிகளில் 2,101 படத்தகடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு இந்த இருவரின் உழைப்பு. மூல ஓவியங்கள் பல இன்றும் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்த ஓவியர்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஆனால் 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தம் ஓவியரின் பெயரையே சூட்டினார்: கோவிந்தூயா. பின்னாளில் தாவரவியலார் அதை டிரோபிடியா என்ற பழைய பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை, இணைப்பெயராகப் பதிவேடுகளில் மட்டும் இருக்கிறது. இருந்தாலும், நம் மண்ணில் செடியைப் பார்த்து வரைந்த ஒருவரின் பெயரை ஓர் ஆர்க்கிட் சுமந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இன்னொருவர் நெல்லி ராபர்ட்ஸ். லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கம், பரிசு பெறும் ஒவ்வோர் ஆர்க்கிட்டையும் வரைந்துவைக்க 1897-இல் அவரை அமர்த்தியது. அடுத்து வரும் பூ முந்தைய பூவைவிடச் சிறந்ததா என்று ஒப்பிட நடுவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. 1953 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள், அவர் வரைந்துகொண்டே இருந்தார். வண்ணப் புகைப்படம் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் அந்தச் சங்கம் ஆர்க்கிட்டுகளுக்கென்று ஓவியரை வைத்திருக்கிறது. நிழல் விழுந்த உறுப்பையும் வெளிச்சத்தில் இருக்கும் உறுப்பையும் ஒரே தெளிவோடு காட்டக் கையால் முடியும் என்பதுதான் காரணம்.

ஆகவே, பாடப்புத்தகப் படம் என்று சொன்னவர்களிடம் வாதாடப் போகாதீர்கள். உங்கள் படத்தின் அழகு அதன் துல்லியத்திலேயே இருக்கிறது. "கொஞ்சம் பூசி மெழுகி, நவீனமாக வரைந்தால் எடுத்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம். ஏழு ஆண்டுகள் கண்ணைப் பழக்கிவிட்டு அதைக் கலைத்துக்கொள்வதா? கூடத்தை மாற்றுங்கள். கல்லூரித் தாவரவியல் துறை, நூலகம், மலர்க் கண்காட்சி நடக்கும் இடம் என்று செடிகளை நேசிக்கிறவர்கள் வந்துபோகும் இடங்களில் கேட்டுப்பாருங்கள்.

ஏற்காட்டு மனிதர் தருவதாகச் சொன்ன செடிகள் வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைப்பதற்கான உணவு அதற்குள் கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும், அதன்பின் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு பூவை வரைவதற்காக அத்தனை ஆண்டுகளைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவது எப்படிப் பொறுக்கும்? அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபெடிலம் ட்ரூரி என்ற மஞ்சள் செருப்பு ஆர்க்கிட், ஆசைப்பட்டவர்கள் பெயர்த்துப் பெயர்த்தே அழிவின் விளிம்புக்குப் போனது. உங்களுக்கு அந்த மனிதரின் உதவி தேவையும் இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா அதே ஏற்காட்டில்தான் இருக்கிறது. அங்கே முறைப்படி அனுமதி கேட்டு, உட்கார்ந்து வரையுங்கள். கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் செடி எங்கே இருந்தது, எந்த நாளில் பார்த்து வரைந்தீர்கள் என்று எழுதுங்கள். வருகிறவர்களின் மரியாதையை அந்த ஒரு வரி பெற்றுத்தரும்.

அக்காவின் படம் வெளிறியது உங்கள் கைக்குற்றம் அல்ல, வண்ணத்தின் குற்றம். ஆர்க்கிட் வரைகிறவர்கள் எல்லோரும் இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் சிக்கிக்கொள்கிறோம். வெயிலுக்கு மிக எளிதில் சாகும் நிறமிகள் பல அங்கேதான் இருக்கின்றன. உங்கள் வண்ணக் குழாய்களை எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிறும். கண்ணைப் பறிக்கும் ஓப்ரா ரோஸ் வகைகள் அதைவிட வேகமாக வெளிறும். பி.வி. 19 என்ற குவினக்ரிடோன் நிறமி எவ்வளவோ மேல். என் பேச்சை மட்டும் நம்பவேண்டாம். உங்களிடமுள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு காகிதத்தில் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். சேலத்து வெயிலில் தேறிய நிறத்தை மட்டும் கண்காட்சிப் படத்துக்குப் பயன்படுத்துங்கள்.

காகிதம் நூறு விழுக்காடு பருத்தியாக, வழுவழுப்பான ஹாட் பிரஸ் வகையாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில் இருக்கட்டும். சட்டம் போடும் கடையில் பக்கத்திலேயே நின்று பாருங்கள். என்னுடைய ஒரு படத்தைக் கடைக்காரர் நேராகக் கண்ணாடியில் பதித்து, பின்னால் பசை நாடாவை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒரே மழைக்காலத்தில் வெள்ளை இதழ்கள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். இரண்டு மாத உழைப்பு அது. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் இடைவெளி விடச் சொல்லுங்கள். படத்தை மேல்விளிம்பில் மட்டும், மாவுப் பசையும் மெல்லிய காகிதமும் கொண்டு தொங்கவிடச் சொல்லுங்கள். கூடத்தில் படத்தின்மேல் நேரடி வெயில் விழவே கூடாது. அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்குமேல் அனுமதிப்பதில்லை. நீங்கள் அவ்வளவு இருட்ட வேண்டாம், சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தாலே போதும்.

நாற்பது படங்களையும் மாட்டிவிடாதீர்கள் என்பது என் கடைசி வேண்டுகோள். நான் மேலே சொன்ன லண்டன் சங்கத்தின் தாவர ஓவியக் காட்சியில் ஒருவர் வைக்கவேண்டியது ஆறு படங்கள். ஆறும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்கவேண்டும். நல்ல அளவுகோல் அது. ஆறு என்று வந்துவிட்டால் பலவீனமான படத்துக்கு ஒளிய இடமில்லை. நீங்கள் பன்னிரண்டு வரை போகலாம். சேலம் சுற்றுவட்டாரத்திலும் சேர்வராயன் மலையிலும் வளரும் ஆர்க்கிட்டுகள் மட்டும் என்று வைத்துக்கொண்டால், கடையில் வாங்கிய கலப்பினப் பூக்கள் பலவும் தாமாகவே கழிந்துவிடும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படமான அந்த வெள்ளை ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட்டும் கழியும். வெள்ளை வண்ணமே தொடாமல் காகிதத்தை அப்படியே விட்டு, நிழலால் மட்டும் இதழை எழுப்பியிருக்கிறீர்கள். அதை அக்காவுக்கு, வெளிறிய படத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது படத்தைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை. பூ இரண்டே இரண்டு. அதற்குக் கீழே போன ஆண்டின் தண்டு சுருங்கி, வரிவரியாக, மேலே காய்ந்த உறை வெங்காயத் தோலைப் போலக் கிழிந்து தொங்குகிறது. அந்தக் கிழிசலின் ஓரத்தில் ஒளி புகுந்து வருவதைக்கூடத் தீட்டியிருக்கிறீர்கள். இதைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்க முடியாது. செடியின் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்காட்சியில் வாசலுக்கு நேரே இதை மாட்டுங்கள். கோடையில் வாண்டாவை மறுபடி வரைந்தபின் அதன் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். முதலில் வேரைத்தான் பார்ப்பேன்.