திரும்ப சைக்கிள் ஓட்டணும், எதை வாங்குறது?

கேள்வி: எனக்கு 46 வயசு. காலேஜ் முடிஞ்சதோட சைக்கிளை விட்டாச்சு, இப்போ தினமும் காலையில எட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டணும்னு ஆசை. கடைக்குப் போனா ரோடு பைக், ஹைப்ரிட், எம்டிபி, கிராவல்னு அடுக்குறாங்க, கடைசியில 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கு, இதையே எடுங்கங்கறாங்க. நான் போற வழி பாதி நல்ல ரோடு, மீதி குண்டும் குழியும், நடுவுல ஒரு பாலம் ஏறணும். முழங்கால் லேசா வலிக்கும். எதை எடுக்கட்டும்?

பதில்: ஹைப்ரிட் எடுங்க சார், அதாவது ரோடு பைக்குக்கும் எம்டிபிங்கற மலைச் சைக்கிளுக்கும் நடுவுல வர்றது. முன்னாடி சஸ்பென்ஷன் இல்லாததா, டயர் 38லேருந்து 42 மில்லிமீட்டர் அகலம் இருக்கறதா பாருங்க. விலை கம்மியான சைக்கிள்ல வர்ற சஸ்பென்ஷன் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், கனமும் கூட, பாலத்துல எழுந்து நின்னு மிதிச்சா முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழும், காலோட பலத்துல கொஞ்சம் அதுலயே போயிடும். உங்க குழிக்கெல்லாம் அகலமான டயரே போதும், ஆனா காத்தை மட்டும் கல்லு மாதிரி அடிச்சு வெச்சுடாதீங்க, எவ்வளவு அடிக்கலாம்னு டயர் ஓரத்துலயே அச்சடிச்சிருக்கும், அதிகபட்சத்துக்குக் கீழேயே வெச்சு ஓட்டிப் பாருங்க. நாம ஓட்டின காலத்துல ஒல்லி டயர், இறுக்கமான காத்து, அதான் வேகம்னு நம்பினோம். இப்போ ரேஸ் ஓட்டுறவங்களே 23 மில்லிமீட்டரை விட்டுட்டு 28, 30னு போயிட்டாங்க, ஏன்னா மோசமான ரோட்டுல துள்ளிக்கிட்டே போற டயரை விட அமுங்கிக் கொடுக்குற டயர்தான் சுலபமா உருளுது.

அடுத்தது அந்த 21 கியர். முன்னாடி 3 பல்சக்கரம், பின்னாடி 7, பெருக்கினா 21, அவ்வளவுதான் கணக்கு, ஆனா 21ம் வேற வேற கியர் இல்ல. முன்னாடி 48 பல், பின்னாடி 24 பல் போட்டாலும் பெடலோட ஒரு முழுச் சுத்துக்கு பின் வீல் 2 சுத்து, முன்னாடி 28, பின்னாடி 14 போட்டாலும் அதே 2 சுத்துதான். அதனால எத்தனை கியர்னு கேக்காதீங்க, இருக்கறதுலயே லேசான கியர் எதுன்னு கேளுங்க. முன்னாடி இருக்கற சின்ன சக்கரத்தோட பல்லை எண்ணுங்க, பின்னாடி இருக்கற பெரிய சக்கரத்தோட பல்லை எண்ணுங்க, ரெண்டும் சமமாவோ பின்னாடி கூடுதலாவோ இருந்தா உங்க பாலத்தை உக்காந்தபடியே ஏறிடலாம். இப்போ முன்னாடி ஒத்தை சக்கரம் மட்டும் வெச்சு, உதாரணத்துக்கு முன்னாடி 38 பின்னாடி 42ன்னு வர்றதும் நல்லா இருக்கு, ஒரு கைப்பக்கம் மட்டும் மாத்தினா போதும். முழங்கால் வலி இருக்கறவங்க கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதிக்கவே கூடாது. லேசான கியர்ல பெடல் நிமிஷத்துக்கு 70, 80 சுத்து ஓடுற மாதிரி பழகிக்கோங்க.

இதையெல்லாம் விட முக்கியம் சைஸ். பலபேர் வீல் சைஸைத்தான் சைக்கிள் சைஸ்னு நினைச்சுக்கறாங்க, 26 இன்ச், 29 இன்ச்னு கேட்டு வாங்கிட்டு வந்துடறாங்க, உடம்புக்குப் பொருந்தணும்னா பார்க்க வேண்டியது பிரேம் சைஸ். ரெண்டு காலையும் தரையில வெச்சு பிரேம் கம்பிக்கு மேல நின்னா நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கணும், சீட்ல உக்காந்து ஹேண்டில்பாரைப் பிடிச்சா முழங்கை லேசா மடங்கியே இருக்கணும், கையை நீட்டி எட்டிப் பிடிக்கற மாதிரி இருந்தா ஒரு சைஸ் சின்னதை ஓட்டிப் பாருங்க.

சீட் உயரத்தை கடையிலேயே சரி பண்ணிக்கோங்க. ரொம்ப நாள் கழிச்சு ஏறுறவங்க பயத்துல உக்காந்தபடியே ரெண்டு காலும் தரையில படியற மாதிரி சீட்டை இறக்கி வெச்சுக்கறாங்க, பெடல் மேல வரும்போதெல்லாம் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குது, பாதி வலி அங்கேருந்துதான் வருது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காந்து குதிகாலை பெடல்ல வைங்க. பெடல் அடியில இருக்கும்போது கால் முழுசா நேரா இருக்கணும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வெச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அந்த அளவுதான் வேணும். ஓட்ட ஆரம்பிச்சதும் முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட்டை கொஞ்சம் ஏத்துங்க, பின்பக்கம் வலிச்சா கொஞ்சம் இறக்குங்க, ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். வலி விடவே இல்லன்னா டாக்டரைப் பாருங்க. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கி நிக்கப் பழகிட்டா உயரமான சீட் பயமே இருக்காது.

மழையிலயும் ஓட்டுவீங்கன்னா டிஸ்க் பிரேக், இல்லன்னா வீலோட ஓரத்தை அழுத்திப் பிடிக்கற சாதாரண ரிம் பிரேக்கே தாராளம். பிரேம் அலுமினியமா ஸ்டீலா, ரெண்டும் ஓகே. கார்பன் உங்களுக்குத் தேவையே இல்ல, அந்தக் காசுல ஹெல்மெட், லைட், பூட்டு, பிரஷர் காட்டுற பம்ப் எல்லாம் வாங்கிடலாம்.

கேள்வி: வீட்டுல பதினஞ்சு வருஷமா ஒரு கியர் சைக்கிள் சும்மா நிக்குது. அதையே சரி பண்ணலாமா?

பதில்: பிரேம் உங்க உயரத்துக்குப் பொருந்துதான்னு முதல்ல பாருங்க, பொருந்தலன்னா செலவு பண்ணாதீங்க. பொருந்தினா வெல்டிங் பக்கத்துல விரிசல் இருக்கா, சீட் கம்பி அசையுதா, இல்ல துருப்பிடிச்சு இறுகிடுச்சான்னு பாருங்க. டயர், ட்யூப், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் பார்க்க நல்லா இருந்தாலும் மாத்திடுங்க, ரப்பர் சும்மா நின்னாலே கெட்டிப்படும். செயின் தேஞ்சிருக்கான்னு பார்க்க ஒரு ஸ்கேல் போதும். செயின் துண்டுகளைக் கோக்குற சின்ன ஆணி ஒண்ணோட நடுவுலேருந்து 24 ஆணி தள்ளி அளந்தா புதுச் செயின் சரியா 12 இன்ச் இருக்கும், அதுக்கு மேல ஒரு இன்ச்ல பதினாறுல ஒரு பங்கு நீண்டிருந்தா செயினை மாத்தணும், எட்டுல ஒரு பங்கு நீண்டிருந்தா பின்னாடி பல்சக்கரமும் தேஞ்சிருக்கும், ரெண்டையும் சேத்து மாத்துங்க.

கேள்வி: எனக்கு 58 வயசு, சின்ன வயசுல ஓட்டினது. பேலன்ஸ் இருக்குமான்னு பயமா இருக்கு, விழுந்துட்டா என்ன பண்றது?

பதில்: பேலன்ஸ் உடம்புல அப்படியே இருக்கும்மா, அது சட்டுனு போயிடாது. நடுக்கம்பி தாழ்வா இருக்கற பிரேம் வாங்குங்க, காலைத் தூக்கிப் போட வேண்டியதில்ல, தடுமாறினா உடனே இறங்கிடலாம். மேல சீட் உயரம் பத்தி சொன்னது உங்களுக்கு முதல் வாரம் பொருந்தாது, சீட்டை நல்லா இறக்கி வெச்சுக்கோங்க. காலி மைதானத்துல பெடல்ல கால் வைக்காம, தரையைத் தள்ளித் தள்ளிப் போங்க, காலைத் தூக்கிக்கிட்டே கொஞ்ச தூரம் நேரா உருள முடிஞ்சதும் பெடலுக்கு வாங்க. பிரேக்கை ரெண்டு கையாலயும் சேத்து மெதுவா பிடிச்சு நிறுத்தறதை அங்கேயே பழகிட்டு, ரெண்டு பக்கமும் சைக்கிளைத் திருப்பி ஓட்ட வந்ததுக்கு அப்புறம் சீட்டை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ரோட்டுக்கு அப்புறம் போகலாம்.