சனிக்கிழமையில் நோன்பு வந்தால்?

கேள்வி: ஹோட்டலில் யூத விருந்தினர்களின் சாப்பாடு என் பொறுப்பு. யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள் நோன்பு சனிக்கிழமையில் விழுந்தால் பகல் உணவை நிறுத்தலாமா? பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் இதே விதிதானா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிறுத்தவே வேண்டாம். வெள்ளி பொழுது சாய்வது முதல் சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாளான சபாத். உண்டு மகிழ வேண்டிய நாள். யெருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்துக்கான ஆவ் 9 சபாத்தில் வந்தால், நோன்பு ஞாயிறுக்குப் போகும். முந்திய நாளுக்கு வராது. துயரத்தை முந்தி அழைக்கக் கூடாது என்பது யூதச் சட்ட, மரபு நூலான தல்மூத் சொல்லும் காரணம். 2022 ஆகஸ்ட் 6 அப்படி அமைந்தது. அடுத்தது 2029 ஜூலை 21.

உங்கள் கவனமெல்லாம் சனி பின்னேரத்தில் இருக்கட்டும். மற்ற ஆண்டுகளில் இந்த நோன்புக்கு முன் தரையில் இருந்து, அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டு உண்பார்கள். சபாத்தில் அந்தத் துக்க உணவு இல்லை. இறைச்சி, வைன் கூட வைக்கலாம். ஆனால் சூரியன் மறையுமுன் முடிய வேண்டும். கொழும்பில் அது 6.30 அளவில். வழமைபோல ஏழு மணிக்கு மேசை போட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். ஐந்து மணிக்கே பரிமாறுங்கள். அதன்பின் ஏறக்குறைய 24½ மணி நேரம் தண்ணீரும் கிடையாது என்பதால் குடிக்கத் தாராளமாக வையுங்கள். "நாளைக்கு நோன்பு, நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் உபசரிக்காதீர்கள். மறுநாளுக்கான ஆயத்தத்தைச் சபாத்தில் வாயால் சொல்வதையே அவர்கள் தவிர்ப்பார்கள்.

இருட்டியதும் தோற்சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள். சபாத்தை வழியனுப்பும் ஹவ்தாலாவில் அன்றிரவு சுடருக்கான ஆசி மட்டும் உண்டு. மெழுகுதிரி ஏற்றப் பாதுகாப்பான ஓர் இடம் கொடுங்கள். வைன் கிண்ணம் ஞாயிறு இரவுக்குத்தான். நோயாளி ஒருவர் ஞாயிறு பகலில் உண்ண நேர்ந்தால் முதலில் ஹவ்தாலா சொல்ல வேண்டும். வைனுக்குப் பதிலாகக் கோப்பி கேட்கக்கூடும்.

மற்ற நோன்புகளில் தம்மூஸ் மாதம் 17, கெதலியா நோன்பு இரண்டும் இப்படியே ஞாயிறுக்குப் போகும். எஸ்தர் நோன்புக்கு மறுநாள் பூரிம் கொண்டாட்டம், வெள்ளியோ சபாத் ஆயத்த நாள். ஆகவே 2024 மார்ச் 21 போல வியாழனுக்கு முந்தும். தேபேத் மாதம் 10ஆம் நாள் நோன்பு இன்றைய நாட்காட்டியில் சனியில் விழாது, வெள்ளியில் விழலாம். அப்போது பசியோடேயே சபாத்தை வரவேற்று, இருட்டியபின் சபாத் ஆசியான கித்தூஷ் சொல்லி உண்பார்கள்.

யோம் கிப்பூர் யூத வேதமான தோராவின் நேர்க் கட்டளை, எதற்காகவும் நகராது. 2024 அக்டோபர் 12 சனிக்கிழமையாக இருந்தும் நோன்பு அன்றேதான். அப்படி வரும் சனியில், சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் தவிர வேறெவருக்கும் தட்டு வைக்க வேண்டியதில்லை.