கழுத்து நரம்பில் வந்த கட்டியை உடனே அகற்றத்தான் வேண்டுமா?

தம்பியின் கழுத்தில் இருப்பது ஷ்வானோமாவாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், உடனே சத்திரசிகிச்சை செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கு, மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பில் இதே கட்டி வந்து அகற்றப்பட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கட்டி எந்த நரம்பில் கிளம்பியிருக்கிறது என்பது இயன்றவரை தெளிவாகும் முன் திகதி குறிக்க அவசரப்படாதீர்கள். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் கலங்களில் உருவாகி மிக மெதுவாக வளரும் கட்டி இது. புற்றுநோயாக மாறுவது மிக அரிது.

கழுத்தில் நோவில்லாத வீக்கம் என்றால் எங்கள் நாட்டில் முதலில் காசநோயையும் தைரொயிட்டையும் நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோயையும் நினைப்பது நியாயமே. அக்காவுக்கும் ஊசி குத்திக் கலங்களை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெளிவாக வரவில்லை. இவ்வகைக் கட்டிகளில் அது அடிக்கடி நடப்பதுதான். வழி காட்டியவை காது மூக்கு தொண்டை நிபுணரின் விரல்கள். அவர் பிடித்து அசைத்தபோது கட்டி இடமும் வலமுமாக நகர்ந்ததே தவிர மேலும் கீழும் நகரவில்லை. சற்று அழுத்தியதும் அக்காவுக்கு வறட்டு இருமல் வந்தது, மறுபடி அழுத்தியபோதும் வந்தது. வேகஸ் நரம்பைச் சுட்டும் அடையாளம் அது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி, தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரொட்டிட் நாடிக்கும் கழுத்து நாளத்துக்கும் நடுவே புகுந்து இரண்டையும் விலக்கியிருந்தது. உடலின் தன்னிச்சைச் செயல்களை நடத்தும் பரிவு நரம்பில் (sympathetic) வரும் கட்டியோ பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே முன்னுக்குத் தள்ளும். கரொட்டிட் நாடி கிளைக்கும் இடத்துச் சிறு திசுவில் உருவாகும், குருதிக் குழாய்கள் மண்டிய கரொட்டிட் பொடி (carotid body) கட்டியும் இதே இடத்தில் வருவதால், வெட்டினால் குருதி பெருகக்கூடும் என்பதற்காக, ஸ்கான் பார்க்காமல் கத்தி வைத்து பயோப்சி எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

குரல்நாணை அசைப்பது வேகஸின் கிளைதான். நரம்போடு சேர்த்துக் கட்டியை வெட்டினால் அந்தப் பக்கக் குரல்நாண் செயலிழந்து, குரல் கம்மி, தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். பரிவு நரம்பானால் கண்ணிமை தொங்கிக் கண்மணி சுருங்கும். அதனால் நரம்பு நார்களை ஒதுக்கி, உறையைக் கீறி, நுங்கு தோண்டுவதுபோல உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும் முறையையே அக்காவின் நிபுணர் தேர்ந்தார். சிறு எச்சம் தங்கி மீண்டும் வளரலாம் என்பதை அவர் முன்னரே சொன்னார். ஆசிரியைக்கு அது ஏற்கத்தக்க விலை என்றே நான் இன்றும் நம்புகிறேன். அப்படியிருந்தும் குரல் மாதக்கணக்கில் அடைத்திருந்து, பேச்சு சிகிச்சையால்தான் தேறியது. இப்போது வகுப்பெடுக்கிறார்; உச்சத்தில் பாட மட்டும் வராது.

அக்காவுக்கு விழுங்குவது சிரமமானதால் அகற்ற வேண்டியிருந்தது. தம்பிக்குத் தொந்தரவில்லை, கட்டியும் சிறியது என்றால், இடைவெளி விட்டு ஸ்கான் எடுத்துக் கவனிப்பதும் முறையான வைத்தியமே. சத்திரசிகிச்சைதான் என்று முடிவானால், முன்னதாகக் குரல்நாண்களைக் கமரா வைத்துப் பார்ப்பார்களா, நடுவில் நரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டா, குரல் போனால் அடுத்து என்ன செய்வார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். உடலில் வேறு கட்டிகளோ காது கேட்பதில் குறைவோ இருந்தால், அதையும் மறவாமல் சொல்லுங்கள்; பரம்பரையாக வரும் நோயொன்றும் அப்படித் தொடங்குவதுண்டு.