சமூகவியல், குற்றவியல், சமூகப் பணி: எதைப் படிப்பது?

நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தென்காசி): ஐயா, இம்மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. வேறுபாடு என்ன?

பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வண்டி திருடியதாகப் பிடிபடுகிறான் என்று கொள்வோம். அவன் மட்டுமல்லாமல் அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நின்றார்கள் என்று சமூகவியல் கேட்கும். காவல்துறையும் நீதியமைப்பும் அவனை எப்படி நடத்துகின்றன, அவன் மீண்டும் திருடுவானா என்பவை குற்றவியலின் கேள்விகள். நாளைக் காலை அவன் எங்கே போவான் என்பதுதான் சமூகப் பணியாளரின் கவலை. இவை மூன்றும் சந்திக்கும் இடம், சிறுவனின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கை. சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் முதன்முறை நிறுத்தப்பட்டதிலிருந்து 15 நாட்களுக்குள் அதைத் தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். நான் எழுதிய முதல் அறிக்கையில் சிறுவனின் தந்தையைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அவனை வளர்த்த பாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி (ஒரு தாய், சேலம்): பி.காம். முடித்த என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேர விரும்புகிறாள். சேர முடியுமா? வேலை கிடைக்குமா?

பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னையில் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இத்துறையில் மூத்த நிறுவனங்களுள் ஒன்று. எங்கே சேர்ந்தாலும், களப்பணிக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். வேலையைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதால், மனிதவளப் பிரிவை எடுத்துப் படிப்போர் பலர். சேவை செய்ய வந்தவர்கள் ஆலைக்குப் போகிறார்களே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆலைத் தொழிலாளியும் மனிதர்தானே என்பது என் எண்ணம்.

கேள்வி: குற்றவியல் படித்தால் எஸ்.ஐ. ஆகலாமா?

அந்தத் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும், குற்றவியல் கட்டாயமில்லை. சீருடைக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: சமூகவியல் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு மட்டும்தான் பயன்படுமா?

விருப்பப் பாடமாகப் பலர் எடுப்பதால் வந்த எண்ணம் இது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி, சாதியும் நிலவுடைமையும் அதிகாரமும் முன்போல ஒரே கையில் இல்லாமல் பிரியத் தொடங்கியதை எடுத்துக்காட்டினார். உங்கள் ஊர் ஊராட்சித் தேர்தலை அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டு மாணவி): வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் களப்பணியின்போது கேட்டவற்றை நினைத்தால் உறக்கம் வரவில்லை. யாரிடம் சொல்வது?

உங்கள் களப்பணி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் அவருடைய வேலைதான். குறிப்பேட்டில் நடந்ததை மட்டுமன்றி, அப்போது உங்களுக்குள் எழுந்ததையும் எழுதுங்கள். ஆனால் சிறுவனின் பெயரையோ பள்ளியையோ பேருந்தில் தோழியிடம்கூடச் சொல்லாதீர்கள். அவனுடைய அடையாளம் வெளிவராமல் காக்கவே இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது.